செப்புத் தகட்டில் நிலைத்த மாளிகைகள்

குளிர்நாடாகிய சுவீடனில் 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் மன்னரும் பிரபுக்களும் எடுப்பித்த மாளிகைகள் பல, இன்று காணும் வெறுஞ்சுவர்க் கோலத்தில் அன்று நின்றவை அல்ல. செங்கற் சுவருக்குச் சாந்து பூசி, அதன்மேல் செதுக்கிய கல்லை அடுக்கியது போன்ற தோற்றத்தை வண்ணத்தால் எழுதினர். வாயில்களிலும் பலகணிகளிலும் மணற்கல்லிற் செய்த உருவங்களை அமைத்தனர். மழையில் வண்ணம் கரைந்தது. கல்லின் நுண்துளைகளிற் புகுந்த நீர் உறைந்து விரிந்து சிற்பத்தை உதிர்த்தது. எஞ்சியவற்றுட் பலவற்றைத் தீ உண்டது. மறைந்த அவ்வணிகளை நாம் அறிதற்குப் பெருந்துணையாய் இருப்பவர் எரிக் டால்பெர்க் என்னும் போர்வீரர்.

அவர் 1625இல் ஸ்டொக்ஹோம் நகரிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, ஜேர்மனியில் எழுத்துவேலை பழகி, பின்னர்ப் படையிற் சேர்ந்து கோட்டை அமைக்குங் கலையைக் கற்றார். அளவைக் கோலும் எழுதுகோலும் அவர் கையில் ஒருங்கே பழகின. 1658இல், டென்மார்க்கின்மேற் படையெடுத்த பத்தாம் கார்ல் மன்னருக்காக, உறைந்த கடலின்மேற் சென்று பனிக்கட்டி படையைத் தாங்குமா என ஆராய்ந்து வந்தவர் இவரே. படை கடலைக் கடந்தது, டென்மார்க் பணிந்தது.

1661இல், சுவீடனின் நகரங்களையும் மாளிகைகளையும் படநூலாக வெளியிட அரசுரிமை பெற்றார். ஜேர்மனியில் மேரியன் குடும்பத்தார் அச்சிட்ட நகரக் காட்சி நூல்கள் அவருக்கு முன்மாதிரி. கோட்டைப் பணிக்காக நாடெங்கும் திரிந்தபோதே மாளிகைகளையும் வரைந்தார். அவை பாரிசிலும் பின்னர் ஸ்டொக்ஹோமிலும் செப்புத் தகடுகளிற் செதுக்கப்பட்டன.

அப்படங்களுள் ஒன்று மாக்கலோஸ் மாளிகையைக் காட்டுவது. நிகரற்றது என்பது அப்பெயரின் பொருள். யாக்கோப் டி லா கார்டி என்னும் தளபதி ஸ்டொக்ஹோமில் எடுப்பித்த அம்மாளிகையின் முகப்பில் சிற்பம் செறிந்திருந்தது. பிற்காலத்தில் அது அரசின் ஆயுதசாலையாகி, 1793இல் நாடகசாலையுமாகி, 1825 நவம்பரில் எரிந்து அழிந்தது. மூன்று முடிகள் எனப் பெயர்பெற்ற பழைய அரண்மனையோ டால்பெர்க் உயிரோடிருந்த காலத்திலேயே, 1697 மே 7ஆம் நாள் எரிந்தது. இறந்த மன்னர் பதினோராம் கார்லின் உடல் அப்போது அங்கேதான் வைக்கப்பட்டிருந்தது.

ஆயினும் இச்சான்றாளரை முற்றாக நம்பலாமோ? தம் நாடு பிறநாட்டார் கண்ணில் உயர்ந்து தோன்றவேண்டும் என்ற வேட்கை அவருக்கு மிகுதி. ஆகவே கட்டி முடியாத பகுதிகளை முடிந்தனவாகவும், திட்டத்தில் மட்டும் இருந்த தோட்டங்களைப் பூத்தனவாகவும் காட்டினார். புலவர் பாட்டுடைத் தலைவனை உயர்த்துவது போன்ற செயல் இது. எனினும் செய்யுளிற் பொருந்தும் உயர்வு நவிற்சி அளவுப் படத்திற் பொருந்துமோ என்பது என் ஐயம். நற்பேறாக அவருடைய மூல வரைவுகள் ஸ்டொக்ஹோம் அரச நூலகத்தில் உள்ளன. அச்சுப் படத்தை மூல வரைவோடும் கட்டடக் கணக்கேடுகளோடும் ஒப்புநோக்கி, இருந்ததையும் விரும்பியதையும் ஆய்வாளர் பிரித்தறிகின்றனர். அவர் வரையாது விட்டிருப்பின் பிரித்தறிதற்கும் ஒன்று இராது.

1693இல் அவர் கோமகனாக உயர்த்தப்பட்டார். 1696இல் லிவோனியாவின் ஆளுநரானார். மறு ஆண்டு இரசிய மன்னர் பீற்றர் றீகா நகருக்கு வந்து கோட்டையை ஆராய முற்பட்டபோது காவலர் தடுத்தனர். வாழ்நாளெல்லாம் பிறர் கட்டடங்களை வரைந்தவர் ஆளும் நகரில் இது நிகழ்ந்தமை வேடிக்கையே. பின்னர்ப் பீற்றர் போர்தொடுக்க அதுவும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. 1700இல் சாக்சனியர் முற்றுகையிட்டபோதும் அம்முதியவர் நகரைக் காத்து நின்றார்.

1703 சனவரியில் டால்பெர்க் மறைந்தார். நூல் வெளிவந்ததோ 1716இல். படத்தகடுகள் 353. அவற்றுக்கென அவர் கருதியிருந்த இலத்தீன் உரை, எழுத ஒப்புக்கொண்டோர் பலராலும் முடிக்கப்படவில்லை. படங்கள் உரையின்றியே வெளிவந்தன.