லண்டனில் ஒரு ராமசாமி

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

சென்ற கோடை விடுமுறையில் அக்காள் வீட்டுக்காகத் திருச்சுழி சென்றிருந்தேன். குண்டாற்றில் மணலைத் தவிர வேறொன்றும் ஓடாத சித்திரை மாதம். திருமேனிநாதர் கோவிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு வேப்பமரத்து நிழலில் கூட்டம் கூடியிருந்தது. எட்டிப் பார்த்தேன். மோடி வித்தை!

நம் கரிசல் காட்டுப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப் போவதாகச் சொல்லிக் கடைசி வரை விடாமலே தாயத்து விற்றுவிட்டுப் போகும் கதை நம் தாத்தாக்கள் காலத்திலேயே பழமொழி போலாகிவிட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பாம்பை வைத்து வித்தை காட்டுவதே குற்றம். ஆகவே நான் பார்த்தவரிடம் பாம்பும் இல்லை, கீரியும் இல்லை. ஒரு தகரப் பெட்டி, மூன்று செப்பு, சில பந்துகள், அத்துடன் பதினான்கு வயது மதிக்கத்தக்க ஒரு மகன்.

மகனைத் தரையில் படுக்க வைத்துக் கறுப்புத் துணியால் மூடிவிட்டார். கூட்டத்தில் ஒருவர் கையில் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைப் பையன் துணிக்குள் இருந்தே சொல்ல வேண்டும். சொன்னான். கேட்கிற சொல்லிலேயே விடையை ஒளித்து வைத்துக் கேட்பதுதான் இதன் சூட்சுமம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சொல் என்று தகப்பனும் மகனும் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். சூட்சுமம் தெரிந்த பிறகும் என் கண் வேறொன்றில் நின்றது. மந்திரம் சொல்வது போல் அவர் இரண்டு முறை குனிந்தார். இரண்டு முறையும் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பையன் முகத்துக்குக் காற்று விசிறிவிட்டு மூடினார். கூட்டம் அதையும் மந்திரம் என்றே எண்ணியது.

அப்போது என் நினைவுக்கு வந்தவர்தான் இக்கட்டுரையின் நாயகர். முந்தைய பருவத்தில் எங்கள் ஆங்கில விரிவுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் என்ற கட்டுரையாசிரியரைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, அவரைத் தலைகுனிய வைத்த ஒரு தமிழர் உண்டு என்று போகிற போக்கில் சொன்னார். மணி அடித்துவிட்டது. நான்தான் விடாமல் நூலகத்தில் தேடிப் பிடித்தேன்.

அவர் பெயர் ராமசாமி. ஆங்கிலேயர் நாவில் அது ராமோ சாமி என்றாயிற்று. சென்னைப் பக்கத்து வித்தைக்காரர். 1810களில் கப்பல் ஏறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இல்தான். ஆகவே அந்நாளில் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு நான்கைந்து மாதம் கடலிலேயே கிடக்க வேண்டும். தெருவில் வட்டம் கட்டி வித்தை காட்டியவர் நாடகக் கொட்டகையில் சீட்டு வாங்கி வந்தவர்களுக்கு வித்தை காட்டலானார். லண்டனில் கோபர்க் நாடக அரங்கு, இன்று ஓல்ட் விக் என வழங்குவது, அவர் ஆடிய இடங்களுள் ஒன்று. 1819இல் அமெரிக்காவுக்கும் போய் வித்தை காட்டினார். அந்த நாட்டுக்கு இந்தியாவிலிருந்து ஒரு மனிதர் போவதே அரிதாக இருந்த காலம் அது.

அவர் என்னென்ன செய்தார்? வாய்க்குள் மணிகளைப் போட்டுக்கொண்டு கை படாமல் நாவாலேயே நூலில் கோப்பார். வாளை விழுங்குவார். எல்லாவற்றுக்கும் மேலாகப் பித்தளைப் பந்துகளை எறிந்து பிடிப்பார்.

வாள் விழுங்குவதைப் பலரும் கண்கட்டு வித்தை என்றே நினைக்கிறோம். அப்படியன்று. தலையை அண்ணாந்து வாயையும் தொண்டையையும் உணவுக்குழாயையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தி, குமட்டலை ஆண்டுக்கணக்கான பழக்கத்தால் அடக்கி, மெய்யான இரும்பை மெய்யாகவே உள்ளே இறக்குகிறார்கள். சற்றே அசைந்தால் உயிர் போகும். 1868இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்து மருத்துவர் அடால்ஃப் குஸ்மால், உயிருள்ள மனிதரின் இரைப்பையைக் குழாய் விட்டுப் பார்க்க முயன்றபோது யாரை அழைத்தார் தெரியுமா? ஒரு வாள் விழுங்கியைத்தான்! 47 செ.மீ. நீளமுள்ள நேரான குழாயை வேறு யார் விழுங்குவார்? இன்று மருத்துவமனைகளில் செய்யும் எண்டோஸ்கோப்பிச் சோதனையின் தொடக்கத்தில் ஒரு தெரு வித்தைக்காரரின் தொண்டை இருக்கிறது என்பதை நம் விலங்கியல் துறை நண்பர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இனி ஹாஸ்லிட்டிடம் வருவோம். 1821இல் வெளிவந்த அவரது கட்டுரைத் தொகுதியில் இந்திய வித்தைக்காரர்களைப் பற்றிய கட்டுரை ஒன்று உண்டு. பெயர் குறிப்பிடாவிட்டாலும் அதில் வரும் தலைமை வித்தைக்காரர் நம் ராமசாமியே என்று ஆய்வாளர்கள் கொள்கின்றனர். வெள்ளை உடையும் இறுக்கிய தலைப்பாகையுமாகத் தரையில் வந்து அமர்கிறார். இரண்டு பந்தில் தொடங்கி நான்கில் முடிக்கிறார். இரண்டு பந்தை யாரும் எறியலாம், நான்கை உயிரைக் கொடுத்தாலும் நம்மால் எறிய முடியாது என்பது ஹாஸ்லிட்டின் வியப்பு. நாடாளுமன்றத்தில் பெரிய மனிதர்கள் பேசுவதைக் கேட்டபோது அவருக்குத் தம்மைப் பற்றி இருந்த மதிப்பு குறையவில்லையாம். இந்தப் பந்துகளைப் பார்த்தபோது குறைந்துவிட்டதாம். இதைப் போலப் பிழையில்லாமல் நான் செய்யும் காரியம் ஏதேனும் உண்டா என்று தம்மையே கேட்டுக்கொண்டு, இல்லை என்று ஒப்புக்கொள்கிறார்.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் உயரத்துக்கு எறிந்த பந்து மீண்டும் கைக்கு வர ஏறத்தாழ 0.9 விநாடி ஆகும். அதற்குள் அதே கை இன்னொரு பந்தைப் பிடித்து எறிந்திருக்க வேண்டும். மறு கையும் அவ்வாறே. கால் விநாடி பிசகினாலும் பந்து தரையில் கிடக்கும், கொட்டகை முழுவதும் பார்த்துவிடும். தேர்வுத் தாளில் பிழையாக எழுதிவிட்டும் பக்கத்தை நிரப்பலாம். இங்கே முடியாது.

இவ்வளவும் சொன்ன ஹாஸ்லிட், பிறகு கைத்திறனை ஒரு படி கீழே வைத்து அறிவின் ஆற்றலே உயர்ந்தது என்று வாதாடப் போய்விடுகிறார். இந்த இடத்தில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. என் தந்தையார் அருப்புக்கோட்டையில் கைத்தறி நெய்தவர், இப்போது விசைத்தறிக் கொட்டகையில் வேலை பார்க்கிறார். பாவில் ஓர் இழை அறுந்தால் இரைச்சலுக்கு நடுவிலும் அவர் கை முதலில் நிற்கும், கண் பிறகுதான் பார்க்கும். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முடிச்சுப் போட அவர் எனக்குக் கற்றுத் தரவே இல்லை. தறிப் பக்கம் போனால் விரட்டுவார். அது ஏன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கைகளைக் கீழ்ப்படியில் வைக்க என்னால் ஆகாது.

ராமசாமி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கிலாந்தில் வாழ்ந்தார். அங்கேயே மணமும் செய்துகொண்டார். வாளை விழுங்குவது என்றாலே அவர் பெயர்தான் என்னும் அளவுக்குப் புகழ் பரவியிருந்தது. கல்கத்தாவில் பிறந்த நாவலாசிரியர் தாக்கரே, விருந்தில் கத்தியால் உணவை வாய்க்குள் தள்ளும் ஒரு சீமாட்டியைக் கேலி செய்ய ராமோ சாமியின் பெயரையே உவமையாக்கினார். படித்த உடனே வாசகர் சிரித்தார்கள் என்றால் அந்தப் பெயரை எத்தனை பேர் அறிந்திருக்க வேண்டும்!

புகழ் இருந்தது, பொருள் சேரவில்லை. 1850 ஆகஸ்டில் ராமசாமி லண்டனில் இறந்தபோது அடக்கம் செய்யவும் வீட்டில் பணம் இல்லை. அவருடைய மனைவி விளையாட்டுச் செய்திகளை வெளியிடும் ஒரு பத்திரிகையின் வாயிலாக உதவி கேட்க நேர்ந்தது. பார்த்து வியந்த ஹாஸ்லிட்டும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1830இல், வறுமையிலேயே மறைந்திருந்தார்.

ஆனால் அவருடைய பந்துகள் நின்றுவிடவில்லை. 1850களில் ஹென்றி மேஹ்யூ என்பவர் லண்டன் தெருவில் பிழைப்பவர்களை ஒவ்வொருவராகச் சந்தித்து அவர்கள் வாழ்க்கையை எழுதிவைத்தார். அவர்களுள் பந்து எறியும் ஆங்கிலேயர் ஒருவர், தாம் சிறுவனாக இருந்தபோது ராமோ சாமியின் வித்தையைப் பார்த்தே இத்தொழிலுக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ராமசாமி தந்தையும் அல்லர், சம்பளம் வாங்கிய ஆசானும் அல்லர். பார்த்தார், வீட்டுக்குப் போய்ப் பழகினார், அவ்வளவே.

திருச்சுழியில் கூட்டம் கலைந்த பிறகு தந்தையும் மகனும் எதிர்க் கடையில் ஒரு தட்டு இட்லி வாங்கினார்கள். மகன் சாப்பிட்டான். தந்தை டீயோடு நிறுத்திக்கொண்டார். நான் அருகே போய் ராமசாமியின் கதையைச் சொன்னேன். லண்டன், அமெரிக்கா என்றதற்கெல்லாம் அவர் அசையவில்லை. எத்தனை பந்து என்று மட்டும் கேட்டார். நான்கு என்றேன். நான் கல்லூரியில் படிப்பவன் என்று தெரிந்ததும், பையனை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டதாகவும் விடுதியில் இடம் கிடைத்தால் ஒன்பதில் சேர்க்க எண்ணம் என்றும், யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் விசாரித்தார். எனக்குத் தெரிந்த அளவில், அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்தால் விடுதி விண்ணப்பத்துக்கு வழி சொல்வார் என்றேன். அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கி, தகரப் பெட்டியில் செப்புகளுக்கு அடியில் வைத்தார்.

பிறகு மகனைக் கூப்பிட்டுப் பந்துகளை எடுத்துக் கொடுத்தார். மூன்றுதான் இருந்தன. கடைக்காரரிடம் ஓர் எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கி நான்காவதாகக் கையில் வைத்தார். பையன் எறிந்தான். மூன்றாம் சுற்றில் எலுமிச்சம்பழம் தவறிப் புழுதியில் உருண்டது. அதைத் துடைத்து மறுபடியும் அவனிடம் கொடுத்தார். அருப்புக்கோட்டைப் பேருந்து வந்து நின்றது. நான் ஏறிக்கொண்டேன். பேருந்து திரும்பும் வரை பின்புறக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன், பையன் எறிந்துகொண்டுதான் இருந்தான்.