வில்லியம் ஹால்ஸ்டெட்: அக்குளில் ஒரு முடிச்சைக்கூட விட்டுவைக்காத சர்ஜன்

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனில் இப்போது பல இடங்களில் இதைப் பார்க்கலாம். இண்டோசயனின் கிரீன் என்கிற பச்சைச் சாயத்தை மார்பில் கொஞ்சமாக ஊசி போடுகிறார்கள். அகச்சிவப்பு கேமராவைக் காட்டினால், தோலுக்கு அடியில் ஒளிரும் கோடு ஒன்று அக்குள் பக்கம் ஊர்ந்து போவது திரையில் தெரியும். மார்பிலிருந்து வரும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் முடிச்சு எது என்று அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். அதில் புற்று இல்லையா? மற்ற முடிச்சுகளைத் தொடவே வேண்டாம்.

இந்த வசதி இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? மொத்தமாக எடுத்தார்கள். அதையே உலகம் முழுக்க வழக்கமாக்கியவர்தான் ஹால்ஸ்டெட்.

1852-ல் நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். (ஒளிர்தலுக்கு ஃப்ளூரசென்ஸ் என்று ஸ்டோக்ஸ் பெயர் வைத்ததும் அதே வருஷம்தான்.) யேலில் படிப்பைவிட ஃபுட்பால் மேல்தான் ஆர்வம். 1877-ல் டாக்டரானார், ஐரோப்பா போய்க் கற்றுக்கொண்டு வந்தார். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் கொட்டிக்கொண்டிருந்த தங்கைக்குத் தன் ரத்தத்தையே எடுத்து ஏற்றினார். அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷனை வீட்டிலேயே செய்தார். அப்படி ஒரு துணிச்சல்.

அந்தத் துணிச்சலே அவரைக் கவிழ்த்தது. 1884-ல் கொக்கைன் மரத்துப்போக வைக்கும் என்று தெரியவந்ததும், நரம்பில் ஊசி போட்டுத் தன் மேலேயே சோதித்தார். அடிமையாகிவிட்டார். சிகிச்சை என்ற பெயரில் மார்ஃபின் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. நியூயார்க் வாழ்க்கை அதோடு முடிந்தது. நண்பர் வெல்ச் பால்டிமோருக்கு அழைத்துப்போனார். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹால்ஸ்டெட் மறுபடி எழுந்தார். கிருமிநாசினியால் கை புண்ணான நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனுக்காக ரப்பர் கையுறை செய்யச் சொன்னவரும் இவர்தான். 1890-ல் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார்.

புற்று மார்பிலிருந்து படிப்படியாக அக்குள் முடிச்சுகளுக்குப் போய், பிறகுதான் உடம்பெங்கும் பரவுகிறது என்று நம்பினார் ஹால்ஸ்டெட். அதனால் மார்பு, அதற்கு அடியில் இருக்கும் தசை, அக்குள் முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரே துண்டாக வெட்டி எடுத்தார். 1894-ல் 50 பேரின் விவரத்தை வெளியிட்டார். அறுத்த இடத்திலேயே நோய் திரும்பியது 3 பேருக்குத்தான். மற்ற சர்ஜன்களிடம் பாதிக்கு மேல் திரும்பிய காலம் அது. எனவே இன்று அவரைக் கசாப்புக்காரர் என்று சொல்வது நியாயமில்லை என்றே படுகிறது. எந்த முடிச்சை விடலாம் என்று பார்க்க அவருக்கு வழியே இல்லையே!

ஆனால் பெண்கள் விலை கொடுத்தார்கள். முடிச்சுகள் போனால் நிணநீர் வடிய வழியில்லை. கை வீங்கிப்போகும், சிலருக்கு யானைக்கால் மாதிரி. ஹால்ஸ்டெட்டுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். 1921-ல் அந்த வீக்கத்தைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த வருஷம், பித்தக்கல் ஆபரேஷனுக்குப் பிறகு இறந்துபோனார்.

அவ்வளவு வெட்டுவதால் ஆயுள் கூடவில்லை என்பதை 1971-ல் தொடங்கிய பெர்னார்ட் ஃபிஷரின் ஆய்வு காட்டியது. 1994-ல் கியுலியானோ குழு நீலச் சாயத்தால் முதல் முடிச்சைத் தேடியது. கல்லீரலையும் இதயத்தையும் சோதிக்க 1950-களிலேயே வந்த பச்சைச் சாயத்தை, 2005-ல் ஜப்பானிய டாக்டர்கள் இதே வேலைக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். கதிரியக்கப் பொருள் தேவையில்லை என்பதால், நியூக்ளியர் மெடிசின் வசதி இல்லாத நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளுக்கும் இது தோதானது.

ஒன்று மட்டும் கவனிக்கணும்: கேமரா காட்டுவது நிணநீர் போகும் வழியைத்தான், புற்றை அல்ல. முடிச்சில் புற்று இருக்கா இல்லையா என்பதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் நோயியல் டாக்டர்தான் சொல்லணும்.