களைத்த கைக்கு மருந்து கண்ட கிழவர்

நேற்று நீங்கள் சைக்கிளில் நெடுந்தூரம் போனீர்கள். புதுக்கோட்டையில் இருந்து திருச்சிக்கு என்று வைத்துக் கொள்வோம். ஐம்பது கிலோ மீட்டருக்கு மேல்! அதுவும் ஆடி மாதம். அம்மியையே பறக்க வைக்கும் காற்று. வழி எல்லாம் அந்தக் காற்றோடு மல்லுக் கட்டினீர்கள்.

இன்று காலையில் தொடை கல்லாகக் கனக்கிறது. திண்ணையில் இருந்து இறங்கக் கூட முடியவில்லை.

என்ன செய்வீர்கள்? பாயை விரித்துப் படுத்து விடுவீர்கள். வீட்டில் உள்ள பெரியவர்களும் அதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் பந்தய வீரர்கள் அப்படிப் படுப்பது இல்லை. பிரான்சு நாட்டில் ஆண்டுதோறும் மூன்று வாரம் பெரிய சைக்கிள் பந்தயம் நடக்கிறது. நடுவில் ஓய்வு நாள் உண்டு. அந்த ஓய்வு நாளிலும் வீரர்கள் சைக்கிளை எடுத்துக் கொண்டு கிளம்பி விடுகிறார்கள்! ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் மெல்ல மிதித்து விட்டுத் திரும்புகிறார்கள்.

மிதித்த களைப்புப் போக, மறுபடியும் மிதிப்பதா? கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இதில் ஓர் உண்மை இருக்கிறது. அந்த உண்மையைச் சோதனை செய்து காட்டியவர் ஒரு கிழவர். அவர் சைக்கிள் வீரர் அல்ல. டாக்டர். ருஷிய நாட்டுக்காரர். பெயர், இவான் செச்செனோவ்.

மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டிய பாவ்லோவைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும். 1904-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அந்தப் பாவ்லோவே செச்செனோவைத் தன் நாட்டு உடல் இயல் நூலுக்குத் தந்தை என்று போற்றினார்.

பட்டாளத்தில் இருந்து பள்ளிக்கு

செச்செனோவ் பிறந்தது 1829-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஊர், சிம்பிர்ஸ்க் மாகாணத்தில் ஒரு சிறு கிராமம். தந்தை நிலப் பிரபு. தாயோ குடியானவ வீட்டுப் பெண்! அந்தக் காலத்து ருஷியாவில் குடியானவர்கள் அடிமைகளைப் போல வாழ்ந்தார்கள். நிலத்தை விற்றால் அவர்களையும் சேர்த்து விற்பார்கள். அப்படிப்பட்ட குடியில் வந்த ஒரு பெண்ணைப் பிரபு மணந்து கொண்டார்.

செச்செனோவ் சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்து விட்டார். 14-வது வயதில் அவரைப் பட்டாளத்து என்ஜினீயர் பள்ளியில் சேர்த்தார்கள். படிப்பு முடிந்ததும் கீவ் நகரில் பட்டாள அதிகாரி வேலை கிடைத்தது. கோட்டை கட்டுவது, பள்ளம் தோண்டுவது ஆகிய வேலைகள். இரண்டு ஆண்டு பார்த்தார். பிடிக்கவில்லை. வேலையை உதறினார். மாஸ்கோவுக்குப் போய் டாக்டர் படிப்பில் சேர்ந்தார்.

1856-ல் பட்டம் பெற்றார். அத்துடன் நிற்கவில்லை. ஜெர்மனிக்குப் போனார். அங்கே பெரிய பெரிய பேராசிரியர்களிடம் நான்கு ஆண்டு பயின்றார். சாராயம் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று ஆராய்ந்து புத்தகம் எழுதினார். அதற்காக 1860-ல் பெரிய டாக்டர் பட்டம் கிடைத்தது. தலைநகரில் பேராசிரியர் வேலையும் கிடைத்தது.

தவளையும் உப்பும்

1862-ல் அவர் பாரிஸ் நகரத்தில் இருந்தார். அங்கே ஒரு சோதனை செய்தார்.

தவளையின் காலைப் புளிப்புத் திராவகத்தில் நனைத்தால் வெடுக்கென்று காலை இழுத்துக் கொள்ளும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். செச்செனோவ் என்ன செய்தார் தெரியுமா? தவளையின் மூளையில் ஓர் இடத்தில் உப்புக் கல்லை வைத்தார். பிறகு காலைத் திராவகத்தில் நனைத்தார். தவளை காலை இழுக்கவில்லை! நெடுநேரம் சும்மா இருந்தது. பிறகுதான் இழுத்தது.

இதில் இருந்து அவர் கண்டது என்ன? உடம்பை ஆட வைப்பது மட்டும் மூளையின் வேலை அல்ல. அடக்கி வைப்பதும் மூளையின் வேலை. கோபம் வந்தாலும் கையை ஓங்காமல் இருக்கிறோமே, அதுவும் மூளை செய்யும் ஒரு வேலைதான்.

மறு ஆண்டு, 1863-ல், இதை எல்லாம் சேர்த்து மூளையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மனிதனின் நினைப்புக்கும் உடம்பில் காரணம் உண்டு என்று அதில் சொன்னார்.

ஜாரின் அதிகாரிகள் பதறிப் போனார்கள். ஆன்மாவைப் பற்றிப் பேச இந்த டாக்டர் யார் என்று சினந்தார்கள். பெரிய பத்திரிகையில் அது வெளிவர முடியாதபடி தடுத்தார்கள். டாக்டர்கள் மட்டும் படிக்கும் பத்திரிகையில்தான் வெளிவந்தது. 1866-ல் அதைப் புத்தகமாகப் போட்டார். புத்தகம் பறிமுதல்! வழக்கும் தொடரப் பார்த்தார்கள்.

எந்த வக்கீலை வைத்துக் கொள்ளப் போகிறீர்கள் என்று நண்பர்கள் கேட்டார்களாம். வக்கீல் எதற்கு, ஒரு தவளையைக் கொண்டு போய் நீதிபதி முன்னால் சோதனையைச் செய்து காட்டுகிறேன் என்று இவர் பதில் சொன்னாராம். இப்படி ஒரு கதை வழங்குகிறது. கடைசியில் கோர்ட்டுக்குப் போக வேண்டிய அவசியமே வரவில்லை. 1867-ல் புத்தகத்தை விட்டு விட்டார்கள். ஆனால் போலீஸ் கண் மட்டும் அவரை விட்டு அகலவில்லை.

பெண்கள் டாக்டர் படிப்புப் படிக்கக் கூடாது என்று இருந்த காலம் அது. செச்செனோவ் தன் வகுப்பில் பெண்களை உட்கார வைத்தார். அவர்களில் சுஸ்லோவா என்பவர் பிறகு சூரிச் நகரில் படித்து, 1867-ல் டாக்டர் பட்டம் பெற்ற முதல் ருஷியப் பெண் ஆனார். இன்னொரு மாணவி மரியா. அவரும் டாக்டர் ஆனார். அவரையே செச்செனோவ் மணந்து கொண்டார்.

மெச்னிக்கோவ் என்ற இளம் விஞ்ஞானிக்குப் பேராசிரியர் வேலை கொடுக்க வேண்டும் என்று இவர் சிபாரிசு செய்தார். மற்றவர்கள் ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தார்கள். செச்செனோவ் 1870-ல் தன் வேலையை ராஜினாமா செய்தார்! கைநிறையச் சம்பளம், கௌரவமான பதவி, எல்லாம் போயிற்று. நண்பர் ஒருவரின் ரசாயனச் சாலையில் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து வேலை பார்த்தார். அந்த நண்பர்தான் மெண்டெலீவ். மெச்னிக்கோவ் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த ஆண்டு ஒடெஸ்ஸா நகரத்தில் வேலை கிடைத்தது. பிறகு மீண்டும் தலைநகர். பிறகு மாஸ்கோ.

ஆகாயத்தில் இருவர்

1875-ல் ஒரு கோர சம்பவம் நடந்தது. பிரான்சு நாட்டவர் மூன்று பேர் பலூனில் ஏறி ஆகாயத்துக்குப் போனார்கள். எட்டாயிரம் மீட்டருக்கு மேல் போய் விட்டார்கள். பலூன் தரைக்கு வந்தபோது இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள்!

ஏன் செத்தார்கள்? இந்தக் கேள்வி செச்செனோவைப் பிடித்துக் கொண்டது. காற்றில் உள்ள பிராண வாயு ரத்தத்தில் எப்படிக் கலக்கிறது, உயரே போனால் ஏன் போதாமல் போகிறது என்று ஆண்டுக் கணக்கில் ஆராய்ந்தார். மூச்சு, ரத்தம், உழைப்பு மூன்றுக்கும் உள்ள உறவு அவர் மனதில் அப்படித்தான் வேரூன்றியது.

தொழிற்சாலைகளில் அப்போது காலை முதல் இரவு வரை வேலை. மனிதன் எத்தனை மணி நேரம் உழைக்கலாம் என்று செச்செனோவ் கணக்குப் போட்டார். அதற்கு அவர் இருதயத்தைக் கேட்டார். இருதயம் ஓயாமல் உழைக்கிறது என்று நினைக்கிறோம். அது தவறு. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இருதயம் சற்று ஓய்கிறது. உழைக்கும் நேரத்தை மட்டும் கூட்டினால், ஒரு நாளில் ஏறத்தாழ எட்டு மணி நேரம்தான்! சாகும் வரை உழைக்கும் இருதயமே எட்டு மணி நேரம்தான் உழைக்கிறது. தொழிலாளிக்கும் எட்டு மணி நேரம் போதும் என்றார். 1890-களில் அவர் சொன்னது இது. சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றியது 1923-ல்தான்.

களைத்த கை

இனி நம் கதைக்கு வருவோம். இந்தக் கிழவரின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டமும் இதுதான்.

1901-ல் செச்செனோவ் பேராசிரியர் வேலையை விட்டார். வயது எழுபதைத் தாண்டி விட்டது. மற்றவர்கள் பேரப்பிள்ளைகளோடு விளையாடும் வயது. இவர் ஒரு கருவி செய்து வைத்துக் கொண்டார். மரம் அறுப்பவர் ரம்பத்தை இழுப்பது போல, கையை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு பாரம் மேலே ஏறும். எவ்வளவு ஏறியது என்பது பதிவாகும்.

யாரை வைத்துச் சோதிப்பது? தன்னையே வைத்துக் கொண்டார்!

வலது கையால் இழுத்தார். கை களைத்துப் போயிற்று. சும்மா உட்கார்ந்து ஓய்வு எடுத்தார். மறுபடி இழுத்தார். எவ்வளவு பாரம் தூக்க முடிந்தது என்று குறித்துக் கொண்டார்.

அடுத்த முறை ஒரு மாறுதல் செய்தார். வலது கை களைத்ததும், அதற்கு ஓய்வு கொடுத்தார். அந்த ஓய்வு நேரத்தில் இடது கையால் வேலை செய்தார். பிறகு வலது கையால் இழுத்துப் பார்த்தார்.

அவருக்கே வியப்பாக இருந்தது. சும்மா இருந்தபோது மீண்டதை விட, இடது கை வேலை செய்தபோது வலது கை நன்றாக மீண்டிருந்தது! அதிகப் பாரம் தூக்கியது!

களைப்பு கையில் மட்டும் இல்லை, அதை ஆட்டி வைக்கும் நரம்பு மண்டலத்திலும் இருக்கிறது என்று அவர் எண்ணினார். வேறு ஓர் அங்கம் அசைந்தால், அதில் இருந்து போகும் செய்தி களைத்த நரம்புகளுக்குப் புதுத் தெம்பு கொடுக்கிறது என்று விளக்கம் சொன்னார். 1903-ல் செய்த இந்தச் சோதனைக்கு அவர் பெயரையே வைத்து விட்டார்கள்.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மேலும் ஆராய்ந்தார்கள். 1970-களில் ஆட்களைக் கடுமையாக உழைக்க வைத்து, ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் லாக்டேட் என்ற பொருள் சேருகிறது. சும்மா படுத்தவர்களை விட, மெல்ல மிதித்தவர்களின் ரத்தத்தில் அது விரைவாகக் குறைந்தது.

அதற்காக லாக்டேட்தான் மறுநாள் வலிக்குக் காரணம் என்று நினைத்து விடாதீர்கள். படுத்தாலும், மிதித்தாலும், சில மணி நேரத்துக்குள் அது குறைந்து விடும். மறுநாள் தொடை வலிப்பதற்குக் காரணம் வேறு. தசை நார்களில் ஏற்படும் மிக நுண்ணிய காயங்கள்தான் வலிக்கின்றன. அவை ஆறுவதற்குச் சோறு வேண்டும், பருப்போ முட்டையோ வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தூக்கம் வேண்டும். மெல்லச் சவாரி செய்தால் ரத்தம் நன்றாக ஓடும், பிடிப்புத் தளரும், மனமும் தெளியும். அவ்வளவுதான். தூக்கத்துக்கு அது ஈடு ஆகாது.

மெல்ல மிதி!

எப்படி மிதிப்பது? பக்கத்தில் வருபவரோடு கதை பேசிக் கொண்டே மிதிக்க வேண்டும். பேச்சில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் போதும். மேடு வேண்டாம். கேரியரில் தண்ணீர்க் குடமும் வேண்டாம். எதிர்க்காற்று வந்தால் வெட்கப்படாமல் இறங்கித் தள்ளுங்கள். யாராவது முந்திக் கொண்டு போனால் போகட்டும்! இதுதான் கஷ்டம். இளவட்டங்களுக்கு மனசு கேட்காது. விரட்டிப் பிடிக்கப் போய், ஓய்வு நாளை இன்னொரு பந்தய நாளாக்கி விடுவார்கள்.

மூட்டில் குத்துவது போல வலித்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ சைக்கிளைத் தொடவே கூடாது.

புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களுக்குச் சைக்கிளின் அருமையைச் சொல்லித் தர வேண்டியது இல்லை. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். அ, ஆ கற்ற கையோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக் கொண்டார்கள், கேரியரில் குடத்தைக் கட்டிக் கொண்டார்கள். வயலுக்கும் கல் குவாரிக்கும் மிதித்துப் போனவர்கள் அவர்கள். சுமை இல்லாமல், அவசரம் இல்லாமல், மாலையில் சும்மா ஒரு சுற்றுப் போய் வரும் சுகம் அவர்களுக்குத் தெரியும்.

கடைசி வகுப்பு

செச்செனோவும் அறிவொளி வேலை செய்தவர்தான்! மாஸ்கோவில் தொழிலாளிகளுக்காக மாலை வகுப்புகள் நடந்தன. பகல் எல்லாம் ஆலையில் உழைத்து விட்டு, கைகளைக் கழுவிக் கொண்டு படிக்க வருவார்கள். 1903-ல் இந்தக் கிழவர் அங்கே போய், உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று பாடம் நடத்தினார். உலகப் புகழ் பெற்ற பேராசிரியர், எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் முன்னால் நின்றார். கைக்கும் காலுக்கும் ஓய்வு எதற்கு என்று, உழைத்துக் களைத்த அந்த மனிதர்களுக்கே எடுத்துச் சொன்னார். அவருக்கு அதில் மிகுந்த ஆசை.

சர்க்காருக்கு அது பொறுக்கவில்லை. வகுப்பு நடத்த அனுமதி இல்லை என்று 1904-ல் சொல்லி விட்டார்கள்.

மறு ஆண்டு நவம்பர் மாதம் அவருக்கு நிமோனியாக் காய்ச்சல் கண்டது. அதில் இருந்து அவர் எழவில்லை. 1905 நவம்பர் 15-ந் தேதி மாஸ்கோவில் காலமானார். வயது 76. அவர் பிறந்த கிராமத்துக்கு இப்போது செச்செனோவோ என்று பெயர்.