ஊரையே பாடமாக்கிய பேராசிரியர்

குழந்தைகளே! விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, உங்கள் ஆசிரியர் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் எத்தனை வீடுகள்? யாருக்கு எவ்வளவு நிலம்? கிணறுகள் எத்தனை? ஆடு மாடு எத்தனை? ஒரு நாள் கூலி எவ்வளவு? கடன் எவ்வளவு? எந்தப் புத்தகத்திலும் இதற்கு விடை கிடையாது. ஊராரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

1916ம் ஆண்டில் சென்னையில் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு உண்மையிலேயே இப்படி ஒரு வேலை கிடைத்தது. கொடுத்தவர் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர்.

ஸ்லேட்டர் 1864ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். அந்த நாட்டுக் கிராமங்களில் ஒரு காலத்தில் ஊருக்குப் பொதுவான நிலம் நிறைய இருந்தது. ஏழைகள் அதில் மாடு மேய்ப்பார்கள், விறகு பொறுக்குவார்கள். பிறகு, அந்த நிலத்தைப் பிரித்து வேலி போடுவதற்கு ஊர் ஊராகச் சட்டங்கள் வந்தன. பாராளுமன்றம் இப்படி ஆயிரக்கணக்கான சட்டங்களை இயற்றியது. நிலம் வைத்திருந்த பெரியவர்களுக்குப் பங்கு கிடைத்தது. விளைச்சலும் பல இடங்களில் பெருகியது. ஆனால், பாட்டன் காலத்திலிருந்து மாடு மேய்த்து வந்தவரிடம் அதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையே! அவர்களில் பலர் பிழைப்பை இழந்து, கூலி வேலைக்குப் போனார்கள்.

ஒரு சட்டம், ஒரு வீட்டு அடுப்பு எரிவதையே நிறுத்திவிடுமா? நிறுத்திவிடும்! இதைத்தான் ஸ்லேட்டர் ஆராய்ந்தார். 1907ம் ஆண்டில் அந்த ஆராய்ச்சி நூலாக வெளிவந்தது. பிறகு, உழைக்கும் மக்கள் படிப்பதற்காக ஆக்ஸ்போர்டு நகரில் தொடங்கப்பட்ட ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வரானார்.

1915ம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக அவரை அழைத்தது. கப்பலேறி வந்தவருக்கு நம் ஊர் நிலவரம் என்ன தெரியும்? அதற்காக அவர் வெட்கப்படவில்லை. கிராமம் தெரிந்தவர்கள் தன் வகுப்பிலேயே இருக்கிறார்களே என்று நினைத்தார். மாணவர்களைச் சொந்த ஊருக்கே அனுப்பினார்.

அவர்கள் எழுதி வந்த ஊர்களில் ஒன்று தூசி! பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அப்போது வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்த தூசி, இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில், காஞ்சிபுரம் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரிய மாமண்டூர் ஏரி அருகில்தான் உள்ளது. தஞ்சை, நெல்லை, தென் ஆற்காடு என்று வேறு மாவட்டங்களின் கிராமங்களும் சேர்ந்தன. எல்லாம் 1918ம் ஆண்டில் ஒரே புத்தகமாக அச்சேறின.

ஸ்லேட்டர் 1921ம் ஆண்டில் பேராசிரியர் பதவியை விட்டார். அவர் போட்ட விதை மட்டும் காயவில்லை. 1930களில் சென்னைப் பல்கலைக்கழகத்தினர் அதே கிராமங்களுக்கு மீண்டும் போனார்கள். 1980களில் வேறு ஆய்வாளர்கள் தூசிக்குப் போய்க் கணக்கெடுத்தார்கள். முதல் கணக்கு இருந்ததால்தானே, இத்தனை ஆண்டுகளில் நிலம் யார் கைக்குப் போனது, கூலி எப்படி மாறியது என்று ஒப்பிட முடிந்தது?

ஸ்லேட்டர் 1938ம் ஆண்டில் மறைந்தார். அதே ஆண்டில்தான், சென்னை மாகாணத்தில் விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்க ஒரு சட்டம் வந்தது. கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று தெரியாமல் அப்படி ஒரு சட்டத்தை எழுத முடியுமா? சட்டம் எழுதுபவருக்குப் பேனா மட்டும் போதாது. ஊர்க் கணக்கும் வேண்டும்.

அடுத்த விடுமுறையில் நீங்களும் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் எல்லோருக்கும் பொதுவான இடங்கள் எவை என்று எழுதுங்கள். குளம், மைதானம், மரத்தடி... நாளை அங்கே ஒரு வேலி வந்தால் யாருக்கு லாபம்? யார் வழி அடைபடும்? அவர்களிடமே போய்க் கேட்டு எழுதுங்கள். நீங்களும் ஒரு குட்டி ஆய்வாளர்தான்!