பாதி எரிந்த மெழுகுவத்திகள்: லம்பரீனில் ஒரு கிறிஸ்துமஸ்

திருக்குறளை உலக அரங்கில் உயர்த்திப் பேசியவர்களின் பெயர்களை நம் மேடைகளில் சொல்லும்போது ஆல்பர்ட் சுவைட்சர் பெயரும் வந்துவிடும். இந்தியச் சிந்தனை பற்றி அவர் 1935இல் வெளியிட்ட நூலில் குறளுக்குத் தந்த இடமே அதற்குக் காரணம். ஆனால் அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பது நம்மில் பலருக்கு அவ்வளவாகத் தெரியாது.

1875 ஜனவரி 14ஆம் தேதி அல்சாஸ் பகுதியில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர் சுவைட்சர். அல்சாஸ் அப்போது ஜெர்மனியின் வசம் இருந்தது. இறையியல், தத்துவம், ஆர்கன் இசை என மூன்றிலும் பெயர் வாங்கிவிட்டு, முப்பது வயதில் மருத்துவம் படிக்கப் போனார். 1913இல் மனைவி ஹெலனுடன் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காபோன் நாட்டின் லம்பரீனுக்குக் கப்பலேறினார். அவருடைய இறையியல் கருத்துகள் பாரிஸ் மிஷன் சங்கத்துக்குப் பிடிக்கவில்லை. வைத்தியம் மட்டும் பார்ப்பேன், பிரசங்கம் செய்யமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே அனுமதி கிடைத்தது. பின்னர் அங்கிருந்த மிஷனரிகளே அவரைப் பிரசங்கம் செய்ய அழைத்தார்கள் என்பது வேறு கதை.

முதலில் கிடைத்த மருத்துவமனை ஒரு பழைய கோழிக்கூடு. உதவிக்கு வந்தவர் ஜோசப், முன்பு சமையல்காரராக இருந்தவர். நோயாளிக்கு எங்கே வலி என்பதைக்கூட இறைச்சித் துண்டுகளின் பெயரில்தான் சொல்வாராம். முதல் ஒன்பது மாதங்களில் ஏறக்குறைய 2,000 பேருக்குச் சிகிச்சை அளித்தார் சுவைட்சர்.

1914 ஜூலையில் வைத்தியருக்கே வைத்தியம் தேவைப்பட்டது. உடலில் ஒரு சீழ்க்கட்டி. மற்றவர்களின் கட்டிகளைக் கீறிவிட்டவர் தன் கட்டியைத் தானே கீறிக்கொள்ள முடியுமா? அந்த வெப்பத்தில் அதை அலட்சியமாக விடவும் முடியாது. கடற்கரையில் இருந்த கேப் லோப்பஸ் துறைமுகத்தில் ஒரு ராணுவ மருத்துவர் இருந்தார். அவரைப் பார்க்கக் கணவனும் மனைவியும் ஒகோவே ஆற்றின் வழியாகப் புறப்பட்டார்கள். நல்லவேளையாகக் கட்டி தானாகவே உடைந்துகொண்டது; ஆபத்து நீங்கியது. பயந்தது வீண். சில நாள் கடல் காற்று வாங்கிவிட்டு, ஆகஸ்ட் தொடக்கத்தில் நீராவிப் படகில் ஊர் திரும்பினார்கள்.

திரும்பியதும் கேப் லோப்பஸில் இருந்த ஒரு பெண்மணிக்கு அனுப்ப ஹெலன் மருந்துப் பொட்டலம் கட்டினார். படகில் ஏற்றச் சொல்லி ஜோசப்பை அனுப்பினால், அவர் ஒரு துண்டுச் சீட்டோடு திரும்பி வந்தார். ஐரோப்பாவில் படை திரட்டுகிறார்கள், அநேகமாகப் போர் தொடங்கியிருக்கும், படகு எப்போது கிளம்பும் என்று சொல்வதற்கில்லை என்பது அதில் இருந்த செய்தி.

ஆகஸ்ட் 5ஆம் தேதி மாலை இருவரும் போர்க் கைதிகள் ஆனார்கள். பிரெஞ்சு மண்ணில் இருந்த ஜெர்மன் குடிமக்கள் அல்லவா! வீட்டிலேயே இருக்கலாம், ஆனால் யாருடனும் பேசக்கூடாது, நோயாளிகளைத் தொடக்கூடாது. வாசலில் காவல் நின்றது. மருத்துவரைக் கைதியாக்கியதில் தண்டனை யாருக்கு? நோயாளிகளுக்குத்தான். சுவைட்சர் சும்மா இருக்கவில்லை. மறுநாளே நாகரிகம் பற்றிய தம் நூலை எழுத உட்கார்ந்துவிட்டார். பாரிஸில் இருந்த அவருடைய ஆர்கன் ஆசிரியர் விடோரின் முயற்சியால் நவம்பர் இறுதியில் காவல் விலக்கப்பட்டது. மருத்துவமனை மறுபடியும் திறந்தது.

அடுத்த மாதமே கிறிஸ்துமஸ். காட்டில் ஊசியிலை மரத்துக்கு எங்கே போவது? ஒரு சிறு பனங்கன்றே கிறிஸ்துமஸ் மரமானது. அதில் மெழுகுவத்திகளை ஏற்றினார்கள். அவை பாதி எரிந்ததும் சுவைட்சர் எழுந்து ஒவ்வொன்றாக ஊதி அணைத்தார். ஏன் அணைக்கிறீர்கள் என்று ஹெலன் கேட்டார். நம்மிடம் இருப்பது இவ்வளவுதான், அடுத்த ஆண்டுக்கும் இதுவே வேண்டும் என்றார் கணவர். அடுத்த ஆண்டுக்குமா என்று தலையை ஆட்டினார் ஹெலன். சில மாதங்களில் முடிந்துவிடும் என்று எண்ணப்பட்ட போர் அது.

1915, 1916 கிறிஸ்துமஸ் பண்டிகைகளும் போருக்கு நடுவேதான் வந்துபோயின. 1917இல் இருவரையும் பிரான்சுக்குக் கொண்டுபோய் முகாமில் அடைத்தார்கள். முகாமில் ஆர்கன் ஏது? ஒரு மேசையையே ஆர்கனாக எண்ணி விரல்களை ஓட்டிப் பழகினார் சுவைட்சர். போர் முடிந்தபின், 1919இல், மகள் ரேனா பிறந்தாள். அன்று ஜனவரி 14, தந்தையின் பிறந்தநாள்.

1924இல் மீண்டும் லம்பரீன் வந்தார். 1952ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசுப் பணம் தொழுநோயாளர் குடியிருப்புக்குப் போனது. 1965 ஜனவரியில் தம் 90ஆவது பிறந்தநாளையும் அந்த ஆற்றங்கரையில்தான் கொண்டாடினார். அதே ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி காலமானார். ஹெலனின் அஸ்தி புதைக்கப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே, மருத்துவமனை வளாகத்தில், அவரையும் அடக்கம் செய்தார்கள்.