கோஷா ஆஸ்பத்திரி டாக்டரம்மா

குழந்தைகளே! சென்னை திருவல்லிக்கேணியில், கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. அது கஸ்தூர்பா காந்தியின் பெயரைத் தாங்கிய மருத்துவமனை. ஆனால், பழைய சென்னைவாசிகளிடம் கேட்டால் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள்.

அது என்ன கோஷா? அந்தக் காலத்தில் சில குடும்பங்களில் பெண்கள் வெளி ஆண்களின் கண்ணில் படக்கூடாது. வீட்டுக்குள் திரைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இந்த வழக்கத்துக்குத்தான் கோஷா என்று பெயர். அப்படி வாழ்ந்த பெண்களுக்காகவே ஆரம்பிக்கப்பட்டது இந்த மருத்துவமனை. ஆரம்பித்தவர் ஓர் ஆங்கிலேயப் பெண். பெயர் மேரி ஷார்லீப்.

அவர் சென்னைக்கு வந்தபோது டாக்டர் இல்லை. ஒரு வக்கீலின் மனைவி, அவ்வளவுதான். பிறகு எப்படி டாக்டர் ஆனார்? அதுவும், பெண்களால் முடியவே முடியாது என்று பலரும் சொன்ன அறுவை சிகிச்சையில் எப்படிப் பெயர் பெற்றார்? வாருங்கள், பார்ப்போம்.

தாயை அறியாத குழந்தை

மேரி 1845-ம் ஆண்டு ஜூன் 18-ம் தேதி லண்டனில் பிறந்தார். அவர் பிறந்த சில நாட்களிலேயே அவருடைய தாய் இறந்துவிட்டார். தாத்தா, பாட்டி வீட்டில்தான் வளர்ந்தார். பிரசவத்தில் தாய்மார்கள் இறந்துபோவது அந்தக் காலத்தில் எல்லா நாடுகளிலும் சர்வ சாதாரணமாக இருந்தது.

1865-ல் வில்லியம் ஷார்லீப் என்ற வக்கீலை மேரி மணந்தார். வில்லியமுக்குச் சென்னையில் வேலை. அடுத்த ஆண்டே இருவரும் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள். வில்லியம் சட்டப் பத்திரிகை நடத்தினார். மேரி அவருக்கு உதவியாக இருந்தார்.

அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்ட செய்திகள் மேரியைத் தூங்கவிடவில்லை. பிரசவ வலியில் ஒரு பெண் துடிப்பாள். ஊரில் நல்ல டாக்டர் இருப்பார். ஆனால் அவர் ஆண். அவரை உள்ளே விடமாட்டார்கள். மருந்து இருந்தும், மருத்துவர் இருந்தும் அந்தப் பெண்ணின் உயிர் போய்விடும். பெண் டாக்டர் ஒருவர் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளே! ஆனால் சென்னை முழுவதும் தேடினாலும் அப்போது ஒரு பெண் டாக்டர்கூடக் கிடையாது.

வேறு யாரும் இல்லையென்றால் நாமே கற்றுக்கொள்வோம் என்று மேரி முடிவு செய்தார். முதலில் சென்னைப் பிரசவ ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றார். போகப் போக ஒரு விஷயம் புரிந்தது. சாதாரணப் பிரசவத்துக்கு மருத்துவச்சி போதும். சிக்கல் வந்தால் முழுமையாகப் படித்த டாக்டர் வேண்டும். சில சமயம் கத்தி பிடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆட்டுக்கு உண்டு, பெண்ணுக்கு இல்லை

பெண்கள் மருத்துவம் படிப்பது அன்று எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மேரியின் சொந்த நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். 1870 நவம்பரில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் சில மாணவிகள் உடற்கூறு இயல் தேர்வு எழுதப் போனார்கள். தேர்வு நடந்த இடத்தின் பெயர் சர்ஜன்ஸ் ஹால், அதாவது அறுவை மருத்துவர்களின் மாளிகை. வாசலில் பெருங்கூட்டம். மாணவிகள் மீது சேற்றை வாரி இறைத்தார்கள். கதவைச் சாத்தி வழியை மறித்தார்கள். எப்படியோ உள்ளே போய்த் தேர்வு எழுத உட்கார்ந்தால், ஓர் ஆட்டைத் தேர்வு அறைக்குள் தள்ளிவிட்டார்கள். ஆடு உள்ளே வரலாம், பெண் வரக்கூடாது என்கிற கேலி! கடைசியில் அந்தப் பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பட்டம் தரவும் மறுத்துவிட்டது.

அந்த நேரத்தில் சென்னையில் ஒருவர் வேறு விதமாக யோசித்தார். அவர் எட்வர்ட் பால்ஃபர். மருத்துவத் துறையின் தலைமை அதிகாரி. எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பார்த்திருப்பீர்களே? 1851-ல் அது தொடங்கக் காரணமாக இருந்தவரும் இவர்தான். பெண்களைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கலாம் என்று இவர் அரசாங்கத்துக்குப் பரிந்துரை செய்தார். அரசாங்கமும் சம்மதித்தது.

1875-ல் நான்கு மாணவிகள் அந்தக் கல்லூரியில் காலடி வைத்தார்கள். அவர்களில் ஒருவர் மேரி. வயது 30. மூன்று குழந்தைகளின் தாய்!

சொல்லித்தர மாட்டேன் என்றவர்

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. மருத்துவத்தைப் புத்தகத்தில் மட்டும் படித்துவிட முடியாது. நீச்சலைப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியுமா? யாராவது தண்ணீரில் இறங்கிக் கையைப் பிடித்துக் கற்றுத்தர வேண்டும் அல்லவா? அறுவை சிகிச்சையும் அப்படித்தான். தேர்ந்தவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவர் சொல்லச் சொல்லச் செய்ய வேண்டும். தவறு வந்தால் அவர் உடனே திருத்த வேண்டும்.

மேரிக்கு இங்கேதான் சோதனை வந்தது. ஆசிரியர் ஒருவர் மாணவிகளைப் பார்த்ததும் முகம் சுளித்தார். வார்டுகளைச் சுற்றி வருவதைத் தன்னால் தடுக்க முடியாது, ஆனால் சொல்லித்தர மாட்டேன் என்று கூறிவிட்டார். பெண்களுக்கு மருத்துவம் கற்பிப்பது வீண் வேலை என்பது அவர் எண்ணம்.

மேரி சண்டை போடவில்லை. விலகிப் போகவும் இல்லை. தினமும் வந்தார். நோயாளிகளை அக்கறையோடு கவனித்தார். நாளடைவில் அந்த ஆசிரியரும் மனம் மாறிக் கற்றுத்தர ஆரம்பித்தார். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர் மனம் மாறாமலே இருந்திருந்தால்? மேரியின் திறமை முழுவதும் வீணாகியிருக்கும். திறமை ஒருவரிடம் இருந்தாலும், அதை வளர்க்கும் குரு இன்னொருவராக அல்லவா இருக்க வேண்டியிருக்கிறது?

கை கொடுத்த எலிசபெத்

1878-ல் மேரி சென்னையில் படிப்பை முடித்தார். ஆனால் அதோடு அவருக்குத் திருப்தி இல்லை. மேலும் கற்கக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு லண்டனுக்குப் போனார். கணவர் சென்னையில் இருந்தபடியே ஆதரவு தந்தார்.

லண்டனில் அவருக்கு வழிகாட்டியாகக் கிடைத்தவர் எலிசபெத் காரெட் ஆண்டர்சன். இவரும் சாமானியப்பட்டவர் அல்ல. 1865-ல் ஒரு சங்கத்தின் விதியில் இருந்த சிறிய ஓட்டையைக் கண்டுபிடித்து, தேர்வு எழுதி மருத்துவராகப் பதிவு செய்துகொண்டவர். உடனே அந்தச் சங்கம் என்ன செய்தது தெரியுமா? இன்னொரு பெண் அதே வழியில் வந்துவிடக்கூடாது என்று விதியையே மாற்றிவிட்டது!

ஆனால் எலிசபெத், நாம் உள்ளே வந்துவிட்டோம், போதும் என்று இருந்துவிடவில்லை. பெண்களுக்காக ஒரு மருத்துவமனையை நடத்தினார். 1874-ல் தொடங்கிய லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். அந்தக் கல்லூரியில்தான் மேரி சேர்ந்தார்.

1878-ல் லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்கும் பட்டம் தர முன்வந்தது. 1882-ல் மேரி அங்கே மருத்துவப் பட்டம் பெற்றார். மகப்பேறு மருத்துவத்தில் தங்கப் பதக்கமும் பெற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கிய முதல் இரண்டு பெண்களில் அவர் ஒருவர். பிறகு ஆஸ்திரியாவின் வியன்னா நகருக்குப் போய், சிக்கலான பிரசவங்களில் செய்யும் அறுவை முறைகளைக் கற்றுக்கொண்டார்.

சென்னை திரும்புமுன் விக்டோரியா மகாராணியைச் சந்திக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. சிகிச்சை கிடைக்காமல் இந்தியப் பெண்கள் படும் பாட்டை மேரி எடுத்துச் சொன்னார். மகாராணி கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

சென்னையில் ஒரு மருத்துவமனை

1883-ல் மேரி சென்னைக்குத் திரும்பினார். இரண்டே ஆண்டுகளில், 1885-ல், நுங்கம்பாக்கத்தில் பெண்களுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார். மகாராணியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. பிறகுதான் அது இப்போதுள்ள இடத்துக்கு மாறியது.

சாதி மற்றும் கோஷா பெண்களுக்கான மருத்துவமனை என்றுதான் அன்று அதை அழைத்தார்கள். அந்தக் காலத்துச் சாதி வேற்றுமை பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது பாருங்கள்! இன்று அங்கே எந்தப் பேதமும் இல்லாமல் எல்லாப் பெண்களும் சிகிச்சை பெறுகிறார்கள்.

மேரி சிகிச்சை மட்டும் செய்யவில்லை. தான் படித்த சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே ஆசிரியராகி மாணவர்களுக்குப் பாடமும் நடத்தினார். அந்தக் கல்லூரியின் பெயர் தூரத்து ஊர்களுக்கும் பரவியிருந்தது. கல்கத்தாவில் பெண்களுக்கு இடம் கிடைக்காததால், 1882-ல் அபலா தாஸ் என்ற வங்காளப் பெண் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தார். பிற்காலத்தில் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸின் மனைவியானவர் இவர்தான்.

கத்தி பிடித்த கை

உடல்நலம் கெட்டதால் 1887-ல் மேரி லண்டன் திரும்ப நேர்ந்தது. மறு ஆண்டே லண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டத்தைப் பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். எலிசபெத்தின் மருத்துவமனையிலேயே அறுவை மருத்துவராகப் பணியில் சேர்ந்தார்.

அந்த நாளில் வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை மிகவும் ஆபத்தானது. இன்றுபோல ஆன்டிபயாடிக் மருந்துகள் கிடையாது. ரத்த வங்கி கிடையாது. கிருமி புகுந்துவிட்டால் நோயாளி பிழைப்பது கடினம். இதெல்லாம் பெண்களால் ஆகிற காரியமா, அவர்களுக்கு அவ்வளவு மன உறுதி ஏது என்று பலர் கேட்டார்கள். மேரி வாயால் பதில் சொல்லவில்லை. இந்த வயிற்று அறுவையில்தான் அவர் புகழ் பெற்றார்! 1902-ல் லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையும் அவரைப் பெண்கள் நோய்ப் பிரிவின் மருத்துவராக நியமித்தது.

அவருக்குப் பின்னால் இளம் பெண்கள் வரிசையாக வந்தார்கள். எலிசபெத்தின் மருத்துவமனையில் பணியாற்றிய லூயிசா ஆல்ட்ரிச் பிளேக், 1895-ல் அறுவை சிகிச்சையில் முதுநிலைப் பட்டம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண்ணானார். அதே மருத்துவமனையில் அனுபவம் பெற்ற இன்னொருவர் எலிசபெத்தின் மகள் லூயிசா. முதல் உலகப் போர் நேரத்தில் அவரும் அவருடைய தோழி ஃப்ளோரா முர்ரேயும் லண்டன் எண்டெல் தெருவில் ஒரு ராணுவ மருத்துவமனையை நடத்தினார்கள். அங்கே டாக்டர்கள் எல்லோரும் பெண்கள்! 1915 முதல் 1919 வரை சுமார் 26,000 பேருக்குச் சிகிச்சை அளித்தார்கள். 7,000-க்கும் மேற்பட்ட அறுவைகள் செய்தார்கள். பெண் சர்ஜனா என்று தயங்கி வந்த போர் வீரர்களும் குணமாகி வீடு திரும்பினார்கள்.

சென்னையிலும் வரிசை தொடர்ந்தது. மேரி படித்த அதே கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்றார் புதுக்கோட்டையைச் சேர்ந்த முத்துலட்சுமி ரெட்டி. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்தவர் அவர்.

1926-ல் பிரிட்டிஷ் அரசு மேரிக்கு டேம் என்ற உயரிய பட்டம் அளித்துச் சிறப்பித்தது. 1930 நவம்பர் 21-ம் தேதி, 85-வது வயதில் அவர் காலமானார்.

வேலை முடிந்துவிட்டதா? இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ், 1800-ல் அரச சாசனம் பெற்ற பழம்பெரும் அமைப்பு. அது ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக ஃபெலோ என்னும் தகுதியை வழங்கியது 1911-ல். ஒரு பெண் அதன் தலைவரானது 2014-ல்தான். கிளேர் மார்க்ஸ் என்பவர் அவர். எத்தனை மெதுவாகத் திறந்திருக்கிறது கதவு, பார்த்தீர்களா?

குழந்தைகளே, மேரி கெட்டிக்காரர்தான். ஆனால் பால்ஃபர் அனுமதி வாங்கித் தராவிட்டால், எலிசபெத் கை கொடுக்காவிட்டால் அந்தக் கெட்டிக்காரத்தனம் யாருக்குத் தெரிந்திருக்கும்? தான் பெற்ற உதவியை மேரி மறக்கவில்லை. தனக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

உங்கள் வகுப்பிலும் கணக்கு புரியாமல் விழிக்கும் ஒரு மாணவி இருக்கலாம். விளையாட்டில் யாரும் சேர்த்துக்கொள்ளாமல் ஓரமாக நிற்கும் ஒரு மாணவன் இருக்கலாம். இவனுக்கு இது வராது, இவளுக்கு அது சரிப்படாது என்று சொல்லும் முன் ஒரு நிமிஷம் மேரியை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுங்கள். அந்தப் பக்கம் போகும்போது கோஷா ஆஸ்பத்திரியையும் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்!