கடல் கடந்து கற்ற அண்ணல்

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் பட்டங்களை வரிசையாகச் சொல்லி மகிழ்வது நம் மன்றங்களில் வழக்கம். எம்.ஏ., பிஎச்.டி., எம்.எஸ்ஸி., டி.எஸ்ஸி., பாரிஸ்டர் என்று முடித்ததும் கைதட்டல் எழும். அந்தப் படிப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது, எந்த நிபந்தனையின் பேரில் வந்தது, வராமல் நின்றபோது என்ன நேர்ந்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதும் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய வரலாறு அது என்பதால் அதையே இங்கு எழுதுகிறோம்.

1891 ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் இராணுவக் குடியிருப்பில், சுபேதார் ராம்ஜியின் மகனாக அண்ணல் பிறந்தார். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். மேலே படிக்க வைக்கத் தந்தையாரிடம் பொருள் இல்லை. கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் எடுத்துச் சொல்லி, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்கச் செய்தார். அதைக் கொண்டே பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார்.

1913 பிப்ரவரியில் தந்தையார் மறைந்தார். அவ்வாண்டே பரோடா சமஸ்தானம் மாணவர் சிலரை அமெரிக்காவுக்கு அனுப்ப முன்வந்தது. ஜூன் 4ஆம் நாள் அண்ணல் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். மூன்றாண்டுகளுக்கு மாதம் பதினொன்றரை பவுன் கிடைக்கும். படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் சமஸ்தானத்தில் ஊழியம் செய்ய வேண்டும். இருபத்திரண்டு வயது இளைஞர், வாழ்வின் பத்தாண்டுகளை ஈடு வைத்தே கப்பல் ஏறினார் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஜூலை மாதம் நியூயார்க் சேர்ந்து, கொலம்பியா பல்கலைக் கழகத்தில் பட்ட மேற்படிப்பு மாணவரானார். அங்கே யாரும் அவரைத் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. பொருளாதாரத்தை முதன்மையாகக் கொண்டு வரலாறு, சமூகவியல், தத்துவம், மானிடவியல் என விரும்பிய வகுப்புகளிலெல்லாம் அமர்ந்தார். செலிக்மன், ஜான் டூயி போன்ற பேரறிஞர்கள் அவருக்கு ஆசிரியராயினர். ஆனால் உதவித்தொகை ஒருவர் வயிற்றுக்கு அளந்து தரப்பட்டது. பம்பாயில் இருந்த ரமாபாய் அம்மையாருக்கும் குடும்பத்துக்கும் அதில் பங்கில்லை. அண்ணல் தம் உணவைக் குறைத்து மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார். எஞ்சியதில் பழைய புத்தகங்கள் வாங்கினார். 1915இல் எம்.ஏ. பெற்றார்.

1916இல் இலண்டன் சென்று பொருளாதாரப் பள்ளியிலும், வழக்கறிஞர் பயிற்சிக்காகக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். நீட்டித்துத் தரப்பட்ட உதவித்தொகையும் 1917இல் நின்றது. படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்ப நேரிட்டது. நான்காண்டுகளுக்குள் மீண்டும் வந்து தொடரலாம் என்று இலண்டன் பல்கலைக் கழகம் இசைவளித்தது ஒன்றே ஆறுதல். தனியே அனுப்பிய நூல்களோ, கப்பல் போரில் தாக்குண்டு மூழ்கியதால் கடலோடு போயின.

ஒப்பந்தப்படி பரோடா சென்றவருக்கு அந்நகரில் தங்க இடம் கிடைக்கவில்லை. அலுவலகச் சிப்பந்திகள் கோப்புகளைத் தொலைவிலிருந்து எறிந்தனர். பார்சி விடுதி ஒன்றில் தம் இனத்தை மறைத்துத் தங்கியவரைப் பதினோராம் நாள் தடியேந்திய கும்பல் வெளியேற்றியது. படிக்க வைத்த சமஸ்தானத்துக்கு, படித்து வந்தவருக்கு ஓர் அறை கொடுக்க முடியவில்லை.

1918 நவம்பரில் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் மாதம் 450 ரூபாய் ஊதியத்தில் பேராசிரியரானார். பெரும் பகுதியைச் சேமித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். பார்சி நண்பர் நவல் பத்தேனா ஐயாயிரம் ரூபாய் கடன் கொடுத்தார். கெடு முடியுமுன், 1920 ஜூலையில், மறுபடியும் இலண்டன் புறப்பட்டார். இம்முறை சமஸ்தானப் பணம் இல்லை. அரை வயிற்று உணவு, பகலெல்லாம் நூலகம், இரவிலும் படிப்பு. 1921இல் எம்.எஸ்ஸி., 1922இல் பாரிஸ்டர், 1923இல் டி.எஸ்ஸி.

கொலம்பியாவின் டாக்டர் பட்டத்துக்கு மட்டும் மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆய்வுரையை அச்சிட்டுக் கொடுத்தால்தான் பட்டம் என்பது அங்கு அன்றிருந்த விதி. மாகாண நிதி பற்றிய அவருடைய ஆய்வு 1925இல் நூலாக வெளிவந்தது. பட்டம் 1927இல் வழங்கப்பட்டது. எழுதி முடித்து ஏறத்தாழப் பத்தாண்டுகள்! கட்டணத்தோடு செலவு தீர்ந்துவிடுவதில்லை என்று வெளிநாட்டுப் படிப்பை நாடுவோர் அறிந்திருப்பது நல்லது.

1942இல் வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினரான அண்ணல், தாழ்த்தப்பட்ட மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு பொறுப்பேற்க வேண்டுமென்று கோரிக்கை வைத்தார். 1944 முதல் மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்புக்கு மத்திய அரசின் உதவித்தொகை வழங்கப்படலாயிற்று. மன்னர் மனமுவந்து அளித்தது, விண்ணப்பித்துப் பெறும் உரிமையாயிற்று. வெளிநாட்டில் படிப்பதற்கான தேசிய உதவித்தொகைத் திட்டம், அண்ணல் அமைச்சரவையை விட்டு விலகிய பின், 1954-55இல் தொடங்கியது. பத்தாண்டு அடிமைச் சீட்டு எழுதித் தராமல் நம்மவர் கப்பல் ஏறும் வழி அதனாலும் திறந்தது.